உடம்பு கிடைக்காத வீடு

என் அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி படித்ததும் இதை அஞ்சலிக் கட்டுரை என்று நினைத்துவிடுவீர்கள். தினமும் காலையில் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு எங்கள் பட்டினத்திலிருந்து பக்கத்து ஊரான போலகம் வரை நடந்துவிட்டு வருகிறார். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறார். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்கிறார்கள். எனக்குத்தான் அந்த மனுஷனைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நான் மீன் கமிஷன் கடை வைத்திருப்பவள். துறைமுகத்தில் ஏலம் கூவியே வளர்ந்த தொண்டை இது. எனக்கு மெதுவாகப் பேச வராது, பூசி மெழுகவும் வராது. கர்னல் தங்கச்சி இப்படியெல்லாம் எழுதலாமா என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் வீட்டு வவ்வால் மீனையா நான் எடுத்துவிட்டேன்?

வவ்வால் மீன் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் அப்பாவுக்குச் சொந்தப் படகு கிடையாது. ஊரிலேயே பெரிய ஓனர் ஒருவருடைய விசைப்படகில் கூலிக்குப் போய்வந்தார். ஒரு கார்த்திகை மாதம், ரேடியோவில் புயல் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒட்டுப்போட்ட இன்ஜினோடு அந்தப் படகை ஓனர் கடலுக்கு அனுப்பினார். படகு கவிழ்ந்தது. மற்றவர்களைத் தரங்கம்பாடிப் படகுக்காரர்கள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அப்பா மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் பிணம் மிதக்கக் கண்டால் அது எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்கக் கூடாது. வலை போட்டிருந்தாலும் அறுத்துவிட்டு, அதை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டும். கண்டும் காணாமல் வந்தவன் படகுக்கு அப்புறம் மீன் படாது என்பார்கள். இன்னொன்றும் உண்டு. ஓனர் மேல் தப்பு இருந்து ஆள் செத்துப்போனால், உடம்பை நேரே அவன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஓனர் வாசலில் கொண்டுபோய்க் கிடத்துவார்கள். ஊரே கூடிவிடும். பொம்பளைகள் மாரடித்துக்கொண்டு உட்காருவார்கள். பஞ்சாயத்தார் வந்து நியாயம் பேசி முடித்த பிறகுதான் உடம்பு அந்த வாசலைவிட்டு எழும்பும். எப்பேர்ப்பட்ட ஓனரும் அன்றைக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்.

அப்பாவின் உடம்பு வரவில்லை. அதனால் யாரும் கூடவில்லை.

அதற்குப் பதிலாக ஓனரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நல்ல செண்ட் வாசனை. "கவலப்படாத தங்கச்சி. இலங்கைப் பக்கம் எங்கயாவது ஒதுங்கியிருப்பாரு. ஆள் விட்டுத் தேடச் சொல்லியிருக்கேன். வந்துருவாரு" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அப்போது விவரம் தெரிந்தும் தெரியாத வயது. அண்ணன் பள்ளிப் படிப்பை முடிக்கிற வயதில் இருந்தார். கும்பிட்ட அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஞ்சாயத்தார் ஒரு நாள் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். தர்ப்பையில் உருவம் செய்து வைத்துக் காரியத்தை முடித்துவிடலாமா என்று. அம்மா அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உடம்பு வரலல்ல? அப்ப உசுரு இருக்குன்னு அர்த்தம். போங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அம்மா கூடையில் மீன் சுமந்து விற்றவள். வாரா வாரம் ஏலத்தில் நல்ல வவ்வாலாகப் பார்த்து ஒன்று எடுத்து, வாழையிலையில் சுற்றி, அண்ணன் கையில் கொடுத்து ஓனர் வீட்டுக்கு அனுப்புவாள். நாங்கள் மலிவான காரப்பொடி மீனில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். ஒரு தடவை அண்ணன் முரண்டு பிடித்தார்.

"எதுக்கும்மா அந்தாளுக்கு? அப்பாவ அனுப்புனதே அவருதானே?"

"வாய மூடுறா. அவரப் பகைச்சுக்கிட்டா உங்கப்பாவ யாரு தேடுவா?"

அண்ணன் மீனை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதேயில்லை.

பிணவறைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பூம்புகாரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் எங்கே அடையாளம் தெரியாத உடம்பு ஒதுங்கினாலும் அம்மாவுக்குச் சேதி வந்துவிடும். உடனே பஸ் ஏறுவாள், அண்ணனையும் என்னையும் இழுத்துக்கொண்டு. காரைக்கால் ஆஸ்பத்திரி, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் உள்ளே போய்ப் பார்ப்பது அண்ணன்தான். அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். அண்ணன் வெளியே வந்து "இல்ல" என்று தலையசைத்தால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வரும் வழியில் எங்களுக்குப் பூந்தி வாங்கித் தருவாள். மீன் கொத்திய முகத்தை, ஊறி வெடித்த முகத்தைக் கண்ணிமைக்காமல் பார்க்க அந்த வயதிலேயே பழகிக்கொண்டார் அண்ணன். பிற்பாடு அவரை எதற்கும் அசையாத ஆள் என்று ராணுவத்தில் மெச்சினார்களாம். அசைய வேண்டியதெல்லாம் இங்கேயே அசைந்து தீர்ந்துவிட்டது.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், சிப்பாயாகச் சேர்ந்தார். உள்ளேயே படித்தார், பரீட்சை எழுதினார், அதிகாரியானார். கூலிக்குக் கடலுக்குப் போனவன் பிள்ளை தோளில் நட்சத்திரம் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது எங்கள் தெருவே விழுந்து கும்பிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் கல்யாணத்துக்குச் சீருடையில் வந்து நின்றார். என் மாமியார் அதைப் பார்த்துத்தான் சீர் விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

சுனாமி வந்தபோது அவர் தற்செயலாக விடுப்பில் இருந்தார். குழி வெட்டி மொத்தமாகப் போட்டு மூடச் சொல்லி மேலேயிருந்து அவசரப்படுத்தினார்கள். அண்ணன் குழிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "ஒரு முகத்தையும் காட்டாம மூடக் கூடாது" என்றார். ஒவ்வொரு உடம்பையும் கழுவித் துடைத்து, தேடி வந்த சனங்களுக்குக் காட்டி, அடையாளம் தெரியாதவற்றின் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவைத்துவிட்டுத்தான் புதைக்கவிட்டார். அந்தத் துணித் துண்டுகளை வைத்துப் பிற்பாடு அடையாளம் கண்டவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர் பேரைச் சொன்னால் கண்கலங்குவார்கள். இதை நான் மறைத்தால் நியாயமில்லை. உடம்பின் மதிப்பு அவருக்குத் தெரியும். எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அம்மா அதற்குச் சில வருடங்கள் கழித்துச் செத்துப்போனாள். தாலி கழுத்தில் இருந்தது, நெற்றி நிறையக் குங்குமம் இருந்தது. சுமங்கலிக்குச் செய்கிற எல்லாம் செய்து, அண்ணன்தான் கொள்ளி வைத்தார்.

அப்புறம் வடக்கே ஒரு மலை மாநிலத்துக்கு அவரை மாற்றினார்கள். அதன் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே அடிக்கடி கலவரம், ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு. அண்ணன் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றதும், அந்த மாநில அரசே அவரைக் கூப்பிட்டுத் தன் பாதுகாப்புத் தலைவராக வைத்துக்கொண்டது. போலீஸ், உளவு எல்லாம் அவர் கைக்குள். அவர் அங்கே போன பிறகு அந்த மாநிலம் அமைதியாகிவிட்டது என்று பேப்பரில் பாராட்டி எழுதினார்கள். எப்படி அமைதியானது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வீடு அமைதியாக இருந்தால் அடுப்படியில் பூனை புகுந்தது தெரியாது என்று அம்மா சொல்வாள்.

எல்லாம் முடித்துக்கொண்டு அண்ணன் ஊரோடு வந்தார். அண்ணி பெங்களூரில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். இவர் தனியாக, பெரிய மதில் கட்டி, கேமரா வைத்து, வாசலில் காவலுக்கு ஆள் போட்டு உட்கார்ந்தார்.

போன வருடம் மாசிமகம் வந்தது. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் எங்கள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். எங்கள் சனத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பதால் அவர் எங்களுக்கு மாப்பிள்ளை. 'மாப்பிள்ளை வர்றாரு' என்றுதான் ஊரே பரபரக்கும். அந்த வருடம் முதல் மரியாதை அண்ணனுக்கு என்று பஞ்சாயத்தில் முடிவானது. பையன்கள் சும்மா இருப்பார்களா? மெயின் ரோட்டில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். சீருடையில் அண்ணன். கீழே 'மண்ணின் மைந்தன், மாநிலமே நடுங்கிய மாவீரன்' என்று, அந்த மாநிலத்தின் பேரும் பதவியும் போட்டு. ஃபிளெக்ஸ் வைப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. காது குத்துக்கே ரோட்டை மறைப்பார்கள். ஆனால் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி லாரி போகிற ரோடு அது. வடக்கிலிருந்து வந்து இங்கே லாரியிலும் ஐஸ் பேக்டரியிலும் வேலை செய்கிறவர்கள் நாள் பூராவும் போய்வருகிற ரோடு. ஒருத்தனுக்கும் அது உறைக்கவில்லை.

எனக்கு ஐஸ் கொடுக்கிற பேக்டரியில் அந்த மாநிலத்து ஆள் ஒருவர் இருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வந்து பல வருடமாக இங்கே இருப்பவர். தமிழ் நன்றாகவே பேசுவார், என்ன, எல்லோரையும் 'அது, இது' என்பார். அந்த ஃபிளெக்ஸுக்கு எதிரே சைக்கிளை நிறுத்திக்கொண்டு அவர் நின்றதை நானே பார்த்தேன். போனில் படம் பிடித்தார். நான் என்னவோ திருவிழாப் படம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஏலம் முடிந்து கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். என் வயசுதான் இருக்கும். ரயிலில் பல நாள் வந்த களைப்பு, உதடெல்லாம் வெடித்து. மார்போடு ஒரு துணிப்பையை அணைத்துப் பிடித்திருந்தாள். மீன் வாடை பழக்கமில்லாததால் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நான் பார்த்ததும் மரியாதைக்காகக் கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, இது எங்க ஊரு அம்மா. நான் அனுப்புன போட்டோவப் பாத்துட்டு வந்துச்சு. கர்னல் வீட்டு வாசல்ல உள்ள வுடல. நீங்க தங்கச்சின்னு சொன்னேன். அதான் வந்துருக்கு."

தன் மகன் போட்டோவை நீட்டினாள். மீசை சரியாக முளைக்காத பிள்ளை, காலேஜ் பையோடு. அவள் சொல்லச் சொல்ல அவர் தமிழில் சொன்னார். டீக்கடையில் நின்றவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எந்த ஸ்டேஷனிலும் அப்படி ஒருத்தன் வரவே இல்லை என்றார்களாம். கடைசியில் பாதுகாப்புத் தலைவரையே போய்ப் பார்த்தாளாம்.

"உங்க அண்ணன் நல்லாப் பேசுச்சாம். டீ குடுத்துச்சாம். 'கவலப்படாதீங்க, தேடச் சொல்லியிருக்கேன், வந்துருவான்'னு சொல்லுச்சாம்."

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தேன். அந்தச் செண்ட் வாசனை எனக்கு அடித்தது, அந்த மீன் கடையில்.

"இப்ப என்ன வேணுமாம்?"

"கேஸு கீஸு ஒண்ணும் வேணாமாம். உசுரோட இருந்தா எங்கன்னு சொல்லணுமாம். செத்திருந்தா எடத்தச் சொல்லணுமாம். ஒரு புடி மண்ணு எடுத்துக்கிட்டுப் போயிருமாம்."

அவர்களை என் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடச் சொல்லிவிட்டு, அப்படியே ஈரப் புடவையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். போட்டோவைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். பிணவறையிலிருந்து வெளியே வருவாரே, அதே முகம்.

"அந்தம்மாவ நீ வீட்டுக்குள்ள சேத்திருக்கக் கூடாது" என்றார்.

"அதெல்லாம் என் பாடு. புள்ள எங்கண்ணே?"

பேப்பரை மடித்தார். "இல்ல."

"இல்லன்னா? செத்துட்டானா?"

"ம்."

"எடத்தச் சொல்லுங்க. உங்களத் தூக்குல போடச் சொல்லி யாரும் கேக்கல. எடம் மட்டும்."

"எடமெல்லாம் கெடையாது பாப்பா. எனக்கே தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாதுங்கறதுதான் ஏற்பாடே."

"சுனாமியில குழி முன்னாடி நின்னீங்களே, ஒரு முகத்தையும் காட்டாம மூடக் கூடாதுன்னு. அது நீங்கதானே?"

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர் மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

"நான் அங்க போனப்ப ஓயாம சாவு ஊர்வலம். ஒரு உடம்ப வீட்டுல குடுத்தா பின்னாடியே ஊரு திரளும். கல்ல வுடுவான், தீய வெப்பான், நம்ம பசங்க சுடுவாங்க. மறுபடி நாலு உடம்பு, மறுபடி ஊர்வலம். எனக்கு முன்னாடி இருந்தவனுங்களுக்கு இத எப்புடி நிறுத்துறதுன்னே தெரியல. நான் உடம்பு குடுக்கறத நிறுத்துனேன். அவ்வளவுதான். ஊர்வலம் நின்னுபோச்சு. உடம்பு கெடைக்காத வீட்டுக்காரங்க கூட்டம் சேக்க மாட்டாங்க. கேட்டுல வந்து கைகட்டி நிப்பாங்க. நம்மளப் பகைச்சுக்கவே மாட்டாங்க, நம்மதானே தேடிக் குடுக்கணும்."

நான் போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"இத எனக்கு எந்த ட்ரெய்னிங்லயும் சொல்லித் தரல பாப்பா. வாரா வாரம் வவ்வால் மீனத் தூக்கிட்டுப் போனேனே, அப்பக் கத்துக்கிட்டது."

அம்மாவின் காத்திருப்பை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைத்திருக்கிறேன், பாசம் என்று நினைத்திருக்கிறேன், அவளைத் திட்டியும் இருக்கிறேன். அதைப் பார்த்து ஒருவர் தொழில் கற்றுக்கொண்டிருப்பார் என்று மட்டும் நினைத்ததில்லை. "நீங்க நல்லா இருப்பீங்களாண்ணே?" என்றேன். ஊரையே வாயில் போட்டு மெல்லுகிற எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

பஞ்சாயத்தார் வீட்டுக்கும் போனேன். கடலில் மிதக்கிற பிணத்தை விட்டுவிட்டு வந்தவனுக்கே நீங்கள் அபராதம் போடுவீர்களே, இவருக்கா முதல் மரியாதை என்று கேட்டேன். பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அது வடக்கத்திச் சமாச்சாரம்மா. நாட்டுக்காகச் செஞ்சது. திருநா நேரத்துல இதக் கெளப்பாத" என்றார்கள். ஒருவர் மோர் கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அந்த அம்மா சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பொய் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். என் அம்மாவுக்கு யாராவது ஒருத்தர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாளே, அந்த வேப்பமரத்தடிகளிலெல்லாம் நின்றிருக்க மாட்டாளே என்றுதான் தோன்றியது. அதனால் சொல்லிவிட்டேன். பிள்ளை இல்லை. இடமும் இல்லை. அண்ணனே தன் வாயால் சொன்னார். ஊருக்குப் போய்க் காரியத்தைச் செய்துவிடுங்கள்.

ஐஸ் பேக்டரிக்காரர் அதைச் சொல்ல ரொம்பக் கஷ்டப்பட்டார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. என்னவோ ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க அண்ணன் உடம்பக் காட்டுச்சான்னு கேக்குது, அக்கா."

"இல்ல. அதான் சொன்னேனே, உடம்பே கெடையாதுன்னு."

அவர் சொன்னதும் அவள் முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த வெளிச்சம். மடமடவென்று பேசினாள். பையைத் திறந்து ஒரு கம்பளிச் சால்வையை எடுத்தாள். கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் கை வேலை. நான் எனக்குக் கொடுக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"உடம்பக் காட்டலன்னா பையன் இருக்குன்னு அர்த்தமாம். செத்துட்டான்னு பெரிய அதிகாரிங்க சும்மா சொல்லுமாம். இத அதுவே தறியில நெஞ்சுச்சாம். உங்க அண்ணனுக்குக் குடுக்கணுமாம்." அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமல் மிச்சத்தைச் சொன்னார். "நீங்க கோவமா எதுவும் பேசிராதீங்க அக்கான்னு கெஞ்சுது. அவரப் பகைச்சுக்கிட்டா அது பையன யாரு வுடுவாங்கன்னு கேக்குது."

அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். சால்வையைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அண்ணன் வீட்டு கேட்டுக்கு முன்னால், நடு வாசலில், அதை நீளமாக விரித்துக் கிடத்தினேன். கிடத்த என்னிடம் வேறு எதுவும் இல்லை. யார் கொடுத்தது என்று சொல்லிச் சத்தம் போட்டு ஊரைக் கூப்பிட்டேன். இரண்டொருவர் எட்டிப் பார்த்தார்கள். கர்னல் வீட்டுக் குடும்பச் சண்டை என்று உள்ளே போய்விட்டார்கள். காவலுக்கு இருந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மறுநாள் காலையில் அப்படியொரு பனி. நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன், எதிரே அண்ணன் நடந்து வந்தார். தோளைச் சுற்றி அந்தக் கருஞ்சிவப்புச் சால்வை. டீக்கடையில் நின்ற பஞ்சாயத்துக்காரர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கே, எங்க வாங்குனது சார்?" என்று கேட்டார்.

"வாங்கல. அங்கேருந்து குடுத்தனுப்பியிருக்காங்க" என்றார் அண்ணன். "பாவம், நல்ல சனங்க."